கேசட்டைத் திருப்பிப் போட்டவனுக்கு

தம்பி,

நேற்று மண்டபத்தை விட்டு நான் ஏன் எழுந்து வந்தேன் என்று கேட்டு நீ அனுப்பிய செய்தியை மூன்று முறை படித்துவிட்டேன். "ஏன்மா இப்படி செஞ்சீங்க? தர்ஷினி வீட்டு ஆளுங்க முன்னாடி எனக்கு எவ்ளோ வெக்கமா போச்சு தெரியுமா? அப்பா கேட்ட பாட்டுதான்லா போட்டேன். அவரு செத்து ஒன்பது வருசம் ஆச்சு, இன்னும் என்னம்மா கோபம்? அந்த மாதிரி காலம் இனிமே வருமா?" என்று எழுதியிருந்தாய். உன் கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது கோபத்தைக் காட்ட இதுவா நேரம் என்றும் கேட்டிருந்தாய். இதுதான் நேரம். இதை விட்டால் எனக்கு வேறு நேரம் கிடைக்காது. அதனால் நீ வளர்ந்த ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில், உனக்குத் தெரிந்த அதே குசினி மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் ஊரார் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்திய டீச்சர் நான். என் சொந்தப் பிள்ளை மனதுக்குள் எழுதி வைத்திருந்த கட்டுரையை மட்டும் திருத்தாமல் விட்டுவிட்டேன். அந்தத் தப்பு என்னுடையது.

ஒத்திகை என்றுதான் எங்களை வரச் சொன்னாய். விருந்தில் யாருக்கு எந்த மேசை, கேக் எப்போது வெட்டுவது, யார் பேசுவது என்று பார்க்கத்தான் வந்தோம். நீ மேடையேறி ஒரு துணியை இழுத்தாய். கீழே அந்தச் செட் இருந்தது. இரண்டு பக்கமும் பெரிய ஸ்பீக்கர், நடுவில் இரண்டு கேசட் போடுகிற வாய், வெள்ளி நிறத் திருகு. உன் அப்பா வைத்திருந்த அதே மாடல். பழைய சாமான் சந்தையில் வாரக்கணக்காக அலைந்து பிடித்தேன் என்று மைக்கில் பெருமையாகச் சொன்னாய். பக்கத்தில் மாலை போட்ட அவர் படம். பிறகு எல்லோரையும் சிரிக்க வைத்தாய். "எங்க வீட்ல நான்தான் டீஜே, ஏழு வயசுலயே! ஒரு பக்கம் முடிஞ்சு டக்குன்னு கேட்டா ஓடிப்போயி திருப்பிப் போடணும். ஒரு நிமிசம்கூட பாட்டு நிக்கக் கூடாது, அதுதான் அம்மா எனக்குக் கொடுத்த வேலை. எங்க வீட்ல பாட்டு, பக்கத்து வீட்ல பாட்டு, ஒன்பதாவது மாடி முழுக்க பாட்டு. இப்ப என் கெலுகோர் காண்டோ பிளாட்டுல பக்கத்து வீட்டுக்காரன் பேருகூட தெரியல. அந்தக் காலம் அந்தக் காலம்தான்லா!" என்றாய். கைதட்டினார்கள். நீ பொத்தானை அமுக்கினாய்.

முதல் பாட்டின் வயலின் கிளம்பியதும் என் இடது கை தானாக எழுந்து காதைப் பொத்திக்கொண்டது. தலை மேசை விளிம்புக்குக் கீழே போய்விட்டது. அறுபத்துமூன்று வயதில், பட்டுப் புடவையில், சம்பந்தி வீட்டார் நடுவில், அடிக்குப் பயந்து குனிந்து உட்கார்ந்திருந்தேன். தர்ஷினியின் அம்மா பாவம், "மயக்கமாங்க? தண்ணி தரவா?" என்று என் தோளைத் தொட்டார். தொட்டதும் நான் கத்திவிட்டேன். நீ பார்த்தது அதற்கப்புறம்தான். நாற்காலி விழுந்ததையும் நான் வாசலுக்கு ஓடியதையும்தான் நீ பார்த்தாய்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் அப்பா பாடுவதில் பொய் கிடையாது. பினாங்கில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் மைக்கை அவர் கையில்தான் கொடுப்பார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்குகிற பஸ்ஸை ஓட்டினார். அந்தப் பஸ்ஸில் ஏறிய பெண் பிள்ளைகள் அவர் பாட்டைக் கேட்பதற்காகவே முன் சீட்டுக்கு அடித்துக்கொள்வார்கள் என்று சொல்வார்கள். பெண் பார்க்க வந்த அன்று அவர் பாடியதைக் கேட்டுத்தான் நானும் தலையாட்டினேன். உனக்குக் காய்ச்சல் கண்டால் தோளில் போட்டுக்கொண்டு தாழ்வாரத்தில் விடிய விடிய பாடிக்கொண்டே நடந்த மனிதர் அவர். அதையும் நான் மறுக்கவில்லை. அந்தப் பாட்டுகளைவிட நல்ல பாட்டு இப்போது வருகிறதா என்றால், வரவில்லை என்றுதான் நானும் சொல்வேன். பாட்டு நல்ல பாட்டுதான். காலம்தான் நல்ல காலமில்லை. நீ இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டாய், குழப்பிவிட்டது நான்.

கல்யாணமாகி நான்காம் மாதம் முதல் அடி விழுந்தது. மீன் குழம்பில் புளி கூடிவிட்டதாம். காரணம் தேடாதே, தம்பி. நானும் பல வருடம் தேடினேன். புளி குறைந்த நாளிலும் அடி விழுந்தது. அன்று முடியைக் கையில் சுற்றிப் பிடித்து, என் நெற்றியை அடுப்பு மேடையின் ஓரத்தில் மோதினார். ஒரு தடவை அல்ல. நான் கத்தினேன். தாழ்வாரத்தில் ஒரு இரும்புக் கதவு திறக்கும் சத்தமும், மறுபடி மூடும் சத்தமும் கேட்டன. மறுநாள் நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். கீழே மின்தூக்கிக்குக் காத்திருந்தவர்கள் என்னைப் பார்க்காமல் விளக்கு எரிகிற எண்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடியைவிட அதுதான் எனக்கு வலித்தது. அந்த மாடியில் நான் ஒருத்திதான் டீச்சர். டீச்சர் வீட்டில் அடிதடி என்று ஊர் பேசினால் எந்த முகத்தோடு வகுப்பில் நிற்பேன் என்று நினைத்தேன். அவ்வளவு முட்டாளாக இருந்தேன்.

அடுத்த முறை அவர் இடுப்பு வாரை உருவியபோது நான் வாசலுக்கு ஓடவில்லை. ஹாலுக்கு ஓடி, செட்டைப் போட்டு, சத்தத்தைக் கடைசி வரை கூட்டிவிட்டுக் குசினிக்கே திரும்பி வந்து நின்றேன். கவனி, தம்பி. திருகியது அவரில்லை, நான். ஒரு நிமிடம் அவரே மிரண்டுபோய் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். பிறகு அடித்தார். அதிலிருந்து அது எங்கள் வீட்டுப் பழக்கமாகிவிட்டது. பஸ்ஸை நிறுத்திவிட்டு வருவார், சட்டையைக் கழற்றுவார், "போயி பாட்டு போடு" என்பார். சில நாள் உண்மையாகவே பாட்டுக் கேட்கத்தான் சொல்வார். எந்த நாள் எது என்று முதல் பாட்டு முடியும் வரை தெரியாது. வார் விழும், பிரம்பு விழும், ஒருமுறை சூடான தோசைக் கரண்டி விழுந்தது. ஹாலில் ஒருவர் காதலைப் பற்றி உருகி உருகிப் பாடிக்கொண்டிருப்பார். பள்ளிக்கு நான் முழுக்கை ரவிக்கை போட்டுப் போனதை மற்ற டீச்சர்கள் அடக்கம் என்று நினைத்தார்கள்.

இதில் ஒரு தொல்லை இருந்தது. கேசட்டின் ஒரு பக்கம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். டக்கென்று நிற்கும். நின்றதும் வார் விழுகிற சத்தம் மாடி முழுக்கக் கேட்கும். அதனால் உனக்கு ஏழு வயதானபோது அந்த வேலையை உனக்குக் கொடுத்தேன். ஹாலில் உட்கார வைத்து, கதவைச் சாத்தி, "பாட்டு நின்னா ஒடனே திருப்பிப் போடணும், சரியா? நீதான் நம்ம வீட்டு பாட்டுக்காரர்" என்றேன். உனக்கு அவ்வளவு சந்தோஷம். உனக்கு உள்ளே நடப்பது கேட்கக் கூடாது என்பதும் ஒரு காரணம், பொய்யில்லை. ஆனால் முதல் காரணம் என் கௌரவம். என்னை அடிப்பதை மறைக்க என் பிள்ளையின் கையையே வாங்கிக்கொண்டேன்.

உன்னை நான் ஒரே ஒரு முறை அடித்திருக்கிறேன். சீனப் பெருநாள். கீழே கார் நிறுத்துமிடத்தில் சிங்க நடனம் வந்திருந்தது. கொட்டுச் சத்தம் கேட்டு நீ வாசலுக்கு ஓடிவிட்டாய். பாட்டு நின்றது, கொட்டும் அந்த நேரம் பார்த்து நின்றது. "வேணாங்க, வேணாங்க" என்று நான் கெஞ்சியது தாழ்வாரத்தில் கம்பியைப் பிடித்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது. அவர் போன பிறகு உன்னை இழுத்து வந்து கன்னத்தில் அறைந்தேன். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. "பாட்ட நிறுத்தாதன்னு சொன்னேன்ல!" என்று கத்தினேன். நீ அழுதுகொண்டே போய்க் கேசட்டைத் திருப்பிப் போட்டாய். அடிக்க அங்கே யாரும் இல்லாதபோதும் அது பாடிக்கொண்டிருந்தது.

நீ மேடையில் சொன்ன இன்னொரு கதை உண்டே, அப்பா பென்சிலால் நாடாவைச் சுற்றக் கற்றுக்கொடுத்த கதை. அதையும் முழுக்கச் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செட் நாடாவைக் கடித்துவிட்டது. பாட்டு இழுத்து இழுத்து நின்றது. நீ கேசட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, நாடா தரையில் புரள, குசினிக் கதவைத் திறந்து "அம்மா, பென்சில் எங்க?" என்று கேட்டாய். நான் கீழே கிடந்தேன். அதற்குச் சற்று முன்புதான் குக்கர் மூடியால் என் இடது காதோடு சேர்த்து அடித்திருந்தார். காதிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. உன் வாய் அசைவதுதான் தெரிந்தது. உன் அப்பா மூடியைத் தொட்டியில் போட்டுக் கையைக் கழுவினார். என் புத்தகப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, உன்னை மடியில் உட்கார வைத்து, "இப்படி விட்டு மெதுவா சுத்தணும், அவசரப்பட்டா அறுந்துடும்" என்று முனகிப் பாடிக்கொண்டே சுற்றிக் காட்டினார். நான் இரண்டு எட்டுத் தள்ளித் தரையில் இருந்தேன். உனக்கு அந்தப் பென்சில் ஞாபகம் இருக்கிறது. நான் ஞாபகத்தில் இல்லை. உன்னைக் குறை சொல்லவில்லை. எட்டு வயதுப் பிள்ளை எதைத் தாங்க முடியுமோ அதைத்தான் வைத்துக்கொள்ளும். அந்தக் காது திரும்பவில்லை. சின்ன வயதில் வந்த காய்ச்சல் என்று உன்னிடம் சொன்னேன். "அம்மாவுக்கு ஒத்தக் காதுதான், பாட்டு ரசனை பாதிதான்" என்று நீ கேலி செய்யும்போது கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

பிறகு, உனக்குப் பதினொரு வயதில், அம்மா பைத்தியம் பிடித்தது போல அப்பாவின் செட்டை உடைத்தாள் அல்லவா? அந்த நாளைத்தான் நீ எங்கள் வீட்டுச் சந்தோஷம் முடிந்த நாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அன்று அவர் வேலையிலிருந்து வந்தார். நான் வாய் திறக்கும் முன் நீயே ஓடிப்போய், யாரும் சொல்லாமலே, செட்டைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினாய். கூட்டிவிட்டுக் குசினிக் கதவை வெளியிலிருந்து நீயே சாத்தினாய். அவர் முகத்தைப் பார்த்தே உனக்கு நாள் தெரிந்துவிட்டது. உனக்குள் ஏதோ ஒன்றுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் குசினிக்குள் வரும் முன் நான் அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு கதவைத் தள்ளி ஹாலுக்கு வந்தேன். அவர் பின்வாங்கினார், தம்பி. முதல் தடவையாக அந்த மனிதர் என்னைப் பார்த்துப் பின்வாங்கினார். அவர் மண்டையில் போட என் கை துடித்தது. ஒரு நொடி, ஒரே நொடி நீ நடுவில் வந்து நின்றாய். குழவியைச் செட்டின் மேல் போட்டேன். அது சாகும் வரை போட்டேன். கேசட்டுகளை மிதித்தேன். நாடா காலில் சுற்றிக்கொண்டது, அதோடேயே மிதித்தேன். நீ "அப்பா செட்டு, அப்பா செட்டு" என்று அலறி என் முதுகில் குத்தினாய். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அதன் பிறகு அடி நின்றுபோனது. என் மேல் இரக்கம் வந்ததால் அல்ல. இன்னொரு செட்டை நான் வீட்டுக்குள் விடவில்லை, மறைக்கச் சத்தம் இல்லாததால் நின்றது. பொது இடத்தில் மைக் பிடிக்கிற மனிதருக்கு ஊர் வாய்க்குப் பயம். பன்னிரண்டு வருடம் கழித்து எனக்கு இது தெரிந்தது, பார். முதல் நாளே அந்தச் செட்டை நிறுத்திவிட்டுக் கத்தியிருந்தால்?

இதுவும் அவ்வளவு எளிதல்ல என்று அவருடைய கருமக்கிரியை அன்று தெரிந்துகொண்டேன். பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே திடீரென்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஒன் வீட்ல ரேடியோ கூடுனா நானும் என் ரேடியோவ கூட்டிருவேன் தங்கச்சி. அந்தப் பக்கம் சீனத்தி டிவிய கூட்டும். டீச்சரு மானம் போயிடக் கூடாதுன்னுதான்லா. இப்ப நெனச்சா ஒடம்பெல்லாம் கூசுது" என்றார். ஒன்பதாவது மாடி முழுக்கப் பாட்டு என்று நீ மைக்கில் சொன்னாயே, அந்தப் பாட்டு இதுதான். ஒரு மாடியே சேர்ந்து என் அலறலை மூடியது. அவர்கள் கெட்டவர்கள் அல்ல. எனக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவர்கள்தான். கதவைத் தட்டத்தான் ஒருவருக்கும் கை வரவில்லை.

அந்தக் காலம் நன்றாக இருந்தது என்று யாராவது சொன்னால், அப்போது எந்த அறையில் இருந்தீர்கள் என்று நான் கேட்க விரும்புகிறேன். நீ ஹாலில் இருந்தாய். ஹாலில் இருந்தவர்களுக்கு அது நல்ல காலம்தான். உன் காண்டோவில் பக்கத்து வீட்டுக்காரன் பேர் தெரியாது என்று குறைப்படுகிறாய். எங்கள் மாடியில் எல்லோருக்கும் எல்லோர் பேரும் தெரியும். தெரிந்து என்ன கிழித்தோம்?

இவ்வளவையும் நான் மண்ணுக்குள் கொண்டுபோயிருப்பேன். உனக்கு ஒரு நல்ல அப்பா ஞாபகத்தில் இருக்கட்டும், அது உன்னுடைய சொத்து என்றுதான் இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நேற்று நான் வெளியே ஓடியபோது நீ மேடையில் நின்றுகொண்டிருந்தாய். பின்னாலேயே வந்தவள் தர்ஷினி. மண்டபத்துப் படிக்கட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, ஒங்களுக்கு அந்தப் பாட்டு புடிக்காதா?" என்று கேட்டாள். சத்தம் கூடினால் பயம் என்று மட்டும் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள், "எனக்கும் அவரு பாட்ட கூட்டுனாலே பயம் அத்தை. சண்ட வந்தா கார்ல ஃபுல்லா கூட்டிருவாரு, நான் பேசுறது எனக்கே கேக்காது. போன வாரம் கெலுகோர் வீட்ல ஸ்பீக்கர கூட்டி வச்சிட்டு அலமாரிய குத்துனாரு, என் தலைக்குப் பக்கத்துல. அப்புறம் அழுதாரு. சாரி சொன்னாரு. நல்லவருதான் அத்தை." வளையலை மேலே தள்ளிவிட்டு மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள். நான்கு விரல் பதிந்த நீலம். அந்த நான்கு விரலையும் எனக்குத் தெரியும், தம்பி. என் உடம்பில் இருந்தவைதான்.

உன்னை அடிக்கிறவன் என்று நான் சொல்லவில்லை. உன் அப்பாவும் முதலில் சுவரைத்தான் குத்தினார், அழுதார், மன்னிப்புக் கேட்டார். எங்கே கற்றாய் என்று யோசித்தேன். அலமாரியைக் குத்த அவரிடம் கற்றிருப்பாய். குத்துவதற்கு முன் பாட்டைக் கூட்ட என்னிடம்தான் கற்றாய். சத்தத்தைக் கூட்டிவிட்டால் உள்ளே நடப்பது நடக்காதது ஆகிவிடும் என்று ஏழு வயதில் உனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த டீச்சர் நான்தான். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கன்னத்தில் அறைந்ததற்கும் கேட்கிறேன். ஆனால் உனக்கு முப்பத்தாறு வயது. இனிமேல் இதை அப்பா கணக்கிலோ அம்மா கணக்கிலோ எழுத முடியாது. அவள் மணிக்கட்டில் இருப்பது உன் கை.

இதுவரை எழுதியதை இன்று இங்கே வந்து உனக்கு முன்னால் அவள் படித்துவிட்டாள். என் மேல் உனக்கு ஆத்திரம் வரும், வரட்டும். கல்யாணத்தை நிறுத்தச் சொல்லி நான் அவளிடம் சொல்லவில்லை, நடத்தச் சொல்லியும் சொல்லவில்லை. படித்து முடித்து தாள்களை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். பிறகு "அவரு இத படிச்சிட்டு வந்து என்ன பேசுறாருன்னு பாக்குறேன் அத்தை" என்றாள். பதினைந்து நாளில் அவள் மணவறைக்கு வருகிறாளா என்பது அதில்தான் இருக்கிறது. போ. கார் ரேடியோவை அணைத்துவிட்டுப் போ. "என்ன செஞ்சேன்" என்று அவளிடம் கேட்டு, அவள் வாயால் சொல்ல விடு, நடுவில் வாயைத் திறக்காதே. இந்தக் கோபத்தை அடக்க உதவி செய்கிற ஆட்கள் மருத்துவமனையில் இருக்கிறார்கள், வெட்கப்படாமல் போய் உட்கார். நானும் கூட வருகிறேன், எனக்கும் அங்கே பேச நிறைய இருக்கிறது.

அவள் உன்னைக் கட்டிக்கொண்டால் நான் முன் வரிசையில் வந்து உட்காருவேன். அப்பாவின் பாட்டையும் போட்டுக்கொள், பரவாயில்லை. பக்கத்து அறையிலிருந்து அவள் கூப்பிட்டால் உனக்குக் கேட்கிற அளவுக்கு வைத்துக் கேள். உன் வீட்டு மாற்றுச் சாவியில் ஒன்றை அவள் என்னிடம் கொடுத்துவிட்டாள். ஆயர் ஈத்தாமிலிருந்து கெலுகோருக்கு அதிக தூரமில்லை, அம்மிக் குழவியும் இன்னும் இந்தக் குசினியில்தான் இருக்கிறது. அந்த அளவைத் தாண்டிப் பாட்டுச் சத்தம் கூடினால் நான் வருவேன். எனக்கு இன்னும் ஒரு காது நன்றாகக் கேட்கிறது.

அம்மா